பழைய இரும்பு மடக்குச் சேர் கிடைச்சா: வயசு பாக்குறது, ரிவிட் மாத்துறது, துரு எடுக்குறது

பழைய இரும்பு மடக்குச் சேர் கைக்கு வந்தா நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை, நேரா பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய் கிரைண்டர்ல தேய்ச்சு பவுடர் கோட்டிங் போட்டு வாங்கிட்டு வர்றதுதான். பளபளன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அது அறுபது வருஷத்துச் சேரா இல்ல போன தீபாவளிக்கு வாங்குன சேரான்னு அதுக்கப்பறம் செஞ்சவனே வந்தாலும் சொல்ல முடியாது. அதனால வரிசைய மாத்துங்க, முதல்ல சேரைப் படிங்க, அப்பறம் கழட்டுங்க, பெயின்ட் டப்பாவை கடைசியா திறங்க.

சேலம் டவுன்ல பழைய இரும்புக் கடைங்க, மூடப்போற பந்தல் வாடகைக் கடைங்க, ஏற்காட்டுல கைமாறுற எஸ்டேட் பங்களாங்க, இந்த மூணு எடத்துலயும் இது மாட்டும். கிலோ கணக்குல போட்டா பெருசா காசு வராது, ஒரு சேரு நாலஞ்சு கிலோதான் நிக்கும். ஆனா நீங்க ஆசையா பாக்குறீங்கன்னு தெரிஞ்சா உடனே அது "வெள்ளைக்காரன் காலத்துச் சேர்" ஆயிடும், விலையும் ஏறிடும். வெள்ளைக்காரன் பட்டாளத்துல பேர் வாங்குன மடக்குச் சேர் ரூர்க்கி சேர், 1890-கள் கடைசில வந்தது, ஆனா அது மரக்கட்டையும் கேன்வாசும்தான், அதுவும் மடக்குறது இல்ல, பிரிச்சு மூட்டை கட்டுறது. டியூப் வளைச்சுச் செஞ்ச சேர்ல முக்காவாசி சுதந்திரத்துக்கு அப்பறம் வந்ததுதான், அதுக்காக அதுக்கு மவுசு கம்மின்னு ஒண்ணும் இல்ல.

சரி, எங்க பாக்கணும்? ரெண்டு துண்டு சேந்து சுத்துற இணைப்பை, அதாவது மூட்டு இருக்கற எடத்தைப் பாருங்க. மடக்குச் சேரோட டிசைன் மொத்தமும் எத்தனை எடத்துல ரிவிட் (ரெண்டு பக்கமும் தலை தட்டுன இரும்பு ஆணி) அடிச்சிருக்கான், எந்த எடத்துல அடிச்சிருக்கான்ங்கறதுலதான் இருக்கு. சீட்டு வளைவு, முதுகுப் பட்டை, கலர் எல்லாம் மேல்பூச்சு.

பழைய வகை பெருக்கல் குறி மாதிரி ரெண்டு ஜோடிக் காலும் நடுவுல குறுக்கா வெட்டிக்கறது. பட்டை இரும்புல ரெண்டு ஃபிரேம், மேல மரப் பட்டிங்க, இதைப் பாரிஸ் காபிக் கடைச் சேர்னு படத்துல பாத்திருப்பீங்க, பிரான்ஸ்ல 1889-ல சிம்ப்ளெக்ஸ்ங்கற பேர்ல பேட்டன்ட் ஆன டிசைன். இதுல ஆள் உக்கார்ற பாரத்துல பெரும்பங்கு நடு ரிவிட்டு மேலதான் விழுது, அதனால வாங்கும்போது அந்த ஒரு எடம் நல்லா இருந்தா மத்ததைச் சரி பண்ணிக்கலாம்.

ரெண்டாவதுதான் நம்ம ஊர் கல்யாண மண்டபத்துச் சேர், பள்ளிக்கூட ஆண்டு விழாச் சேர். ஒரே நீள டியூப்பு முன்னங்கால்ல கிளம்பி மேல போய் முதுகா வளைஞ்சு மறுபடி அடுத்த முன்னங்காலா இறங்கும், பின்னங்கால் தனியா இன்னொரு வளைவு, அது மேல சொன்ன டியூப்புல ரிவிட்டுல தொங்கும், சீட்டு இந்த ரெண்டுக்கும் நடுவுல பாலம் போட்ட மாதிரி மாட்டியிருக்கும். இதோட அழகு என்னன்னா உக்காந்தா நம்ம எடையே சீட்டைக் கீழ தள்ளி காலை விரிச்சுப் பிடிச்சுக்கும், தனியா கொக்கியோ லாக்கோ தேவையில்ல, எழுந்து சீட்டைத் தூக்குனா தானா மடங்கிடும். ஆனா அதே காரணத்தால ரிவிட் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேஞ்சு போனா மொத்த சேரும் ஆட ஆரம்பிச்சிடும், கால் வளைஞ்சிருச்சுன்னு நெனச்சு காலைப் போட்டு சுத்தியல்ல தட்டிட்டு இருப்பாங்க, பாவம் அந்தக் கால் மேல ஒரு தப்பும் இருக்காது.

இந்த டியூப்பு சமாச்சாரம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா சேரைப் பாக்குற பார்வையே மாறும். ஜெர்மனில டெசாவு ஊர்ல பௌஹௌஸ்ங்கற டிசைன் பள்ளிக்கூடத்துல மார்செல் பிராயர்னு ஒரு இளவட்ட வாத்தியார், ஆட்லர் கம்பெனி சைக்கிள் ஒண்ணு வெச்சிருந்தார், அந்த ஹேண்டில்பார் வளைவைப் பாத்துட்டு இப்படியே ஒரு சேரை வளைச்சா என்னன்னு தோணி 1925-ல வேலைய ஆரம்பிச்சார். அதுல வந்ததுதான் இன்னிக்கு வாசிலி சேர்னு சொல்றது, கொஞ்ச நாள்லயே அதோட மடக்குற வகையும் வந்துச்சு, அதுக்கு பி 4-னு நம்பர். தையல் இல்லாத, அதாவது ஒட்டு போடாம ஒரே துண்டா வர்ற மான்னஸ்மான் கம்பெனி டியூப்பு அப்போதான் நல்லா கிடைச்சுது, குரோமியம் முலாமும் அந்த 1920-கள்லதான் கடை வியாபாரத்துக்கு வந்துச்சு, இந்த ரெண்டும் இல்லாம அந்தச் சேர் இல்ல.

நம்ம பக்கமும் கதை சைக்கிள்ல தொடங்குறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். 1949-ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ், அப்பறம் 1955-ல ஆவடில டியூப் ப்ராடக்ட்ஸ். சைக்கிள் ஃபிரேமுக்குப் போற அதே ஜாதி ஈ.ஆர்.டபிள்யூ டியூப்பு, அதாவது தகடைச் சுருட்டி ஓரத்தைக் கரன்ட்டுல ஒட்டுன டியூப்பு, சென்னை பக்கத்துலயே உருவாச்சு, டியூப்பு கைக்கு எட்டுனா ஒரு பென்டிங் அச்சும் ஒரு கேஸ் செட்டும் வெச்சிருக்கற பட்டறை கூட சேர் வளைக்கலாம். பம்பாய்ல கோத்ரெஜ் 1923-லயே இரும்பு பீரோ செய்ய இறங்கிட்டாங்க, ஆனா ஊர்ப் பக்கம் கெடைக்கற மடக்குச் சேர்ல நெறைய பேரில்லாத பட்டறைச் சரக்கு, பட்டறைக்காரர் எந்தக் கம்பெனிச் சேரைப் பாத்துச் செஞ்சார்ங்கறது மட்டும்தான் மூட்டுல தெரியும்.

மூணாவது வகை நம்ம பக்கம் அபூர்வம், ஆனாலும் சொல்லிடறேன். இத்தாலில ஜியான்கார்லோ பிரெட்டி 1967-ல காஸ்தெல்லி கம்பெனிக்காகச் செஞ்ச ப்ளியா. முதுகு ஃபிரேம், சீட்டு ஃபிரேம், கால் ஃபிரேம் மூணும் ஒரே எடத்துல மூணு வட்டத் தட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்து சுத்தும், மடக்குனா மூட்டையும் சேத்து 5 சென்டிமீட்டர்தான் கனம். நாலு எடத்து ரிவிட் வேலைய ஒரே எடத்துக்குக் கொண்டுவந்துட்டான் மனுஷன். இதோட காப்பி உலகம் பூரா இருக்கு. அந்தத் தட்டு மூட்டு கெட்டுப்போனா சாதாரணப் பட்டறைல சரி பண்றது கஷ்டம், அதனால மூட்டு உடைஞ்சிருந்தா வாங்காதீங்க.

இப்போ வயசு. எந்த ஒரு அடையாளத்தையும் தனியா நம்பாதீங்க, நாலஞ்சு சேந்து ஒரே காலத்தைக் காட்டுனா நம்புங்க.

காலுக்கு அடில ரப்பர் புஷ் இருக்கும், அதைக் கழட்டிட்டு டியூப்புக்குள்ள ஒரு மெல்லிய குச்சிய விட்டு வட்டமா உரசிப் பாருங்க, விரலை விடாதீங்க கிழிச்சிடும். ஒரு வரப்பு தட்டுப்பட்டா ஒட்டு போட்ட டியூப்பு, தட்டுப்படலைன்னா தையல் இல்லாததா இருக்கலாம், இல்ல துரு அதைத் தின்னிருக்கலாம். வளைவோட உள்பக்கத்துல சின்னச் சின்னச் சுருக்கம் இருந்தா மணல் அடைச்சோ அடைக்காமலோ கையால வளைச்சது, பட்டறைச் சரக்கு. சுருக்கமே இல்லாம ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி வளைஞ்சிருந்தா ஃபேக்டரி.

ஸ்க்ரூவைப் பாருங்க. ஒரே கோடு போட்ட தலையா, பிளஸ் தலையா? பிளஸ் தலை அமெரிக்காவுலயே 1930-கள்ல வந்தது, இங்க பட்டறைக்கு வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. மரை பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் கால் இஞ்சா, மில்லிமீட்டர் எம் 6-ஆன்னு ஒரு எம் 6 நட்டைப் போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும், விட்வொர்த்தா இருந்தா நட்டு ஏறவே ஏறாது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல வந்தாலும் பட்டறைல கால் இஞ்சு போல்ட்டு அதுக்கப்பறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு, அதனால இஞ்சு மரைன்னா பழசுன்னு தீர்ப்பு எழுதிடாதீங்க, மில்லிமீட்டர் மரைன்னா ரொம்பப் பழசு இல்லைன்னு மட்டும் வெச்சுக்கலாம், அதுவும் போல்ட்டை யாரும் மாத்தாம இருந்தா.

முலாமைப் பாருங்க. லேசா மஞ்சள் ஓடுனா நிக்கல், நீலம் ஓடுனா குரோமியம். குரோம் உரிஞ்ச எடத்துல அடில மஞ்சளா தெரியறதும் நிக்கல்தான், குரோமுக்கு அடில நிக்கல் போடுறது வழக்கம், அதைப் பாத்துட்டு பித்தளைச் சேர்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஒரு காந்தத்தை வெச்சா பேச்சு முடிஞ்சிடும்.

காந்தம்னதும் இன்னொண்ணு. "இது சேலம் ஸ்டீல் சார், அறுபதுல செஞ்சது, துருவே பிடிக்காது"ன்னு எவனாவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டுனதே 1970-ல, இந்திரா காந்தி வந்து நாட்டுனாங்க, உற்பத்தி ஆரம்பிச்சது 1980-கள் தொடக்கத்துல. கஞ்சமலைல இரும்புத் தாது காலங்காலமா இருக்கு, அது வேற கதை.

பெயின்ட்டுல எழுதியிருக்கற பேரு, இதுதான் என் கணக்குல பெரிய புதையல், கிரைண்டர்ல முதல்ல போறதும் இதுதான். முதுகுக்குப் பின்னாடி உபயம் இன்னார், இன்ன மன்றம், இன்ன பந்தல் கடைன்னு ஸ்டென்சில்லயோ கைலயோ எழுதியிருப்பாங்க. லை, னை, ணை இதெல்லாம் தும்பிக்கை மாதிரி சுழிச்ச பழைய எழுத்துல இருந்தா 1978-க்கு முன்னாடி எழுதுனதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர் அரசாங்கம் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிச்சு. பழகுன கை அதுக்கப்பறமும் கொஞ்ச நாள் பழைய மாதிரியே எழுதியிருக்கும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கங்க. கம்பெனித் தகட்டுல மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்தா பெரும்பாலும் 1969-க்கு முன்ன. முகவரில 636-ல ஆரம்பிக்கற ஆறு இலக்க பின்கோடு இருந்தா கண்டிப்பா 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்பறம், அன்னிக்குத்தான் பின்கோடே வந்துச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை, எழுத்து சொல்றது பெயின்ட்டோட வயசை, சேரோட வயசு அதுக்கும் மேல இருக்கலாம்.

இதையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுட்டுத்தான் ஸ்பேனரைக் கைல எடுக்கணும். வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு சோதனை, சேரை விரிச்சு சமதளத்துல வெச்சு முதுகைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்க, கண்ணு ரிவிட்டு மேல இருக்கட்டும். ரிவிட்டு தலை அப்படியே நிக்க டியூப்பு மட்டும் அசைஞ்சா ஓட்டை தேஞ்சிருக்கு. தலையும் சேந்து ஆடுனா பெரும்பாலும் ரிவிட்டுதான் தேஞ்சிருக்கும், அது சுலபம். அப்பறம் காலோட கடைசி ரெண்டு இஞ்சை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டுங்க, ணங்னு கேட்டா நல்லது, பொத்துனு கேட்டா உள்ள அரிச்சிருச்சு.

ரிவிட் கழட்டுறது இப்படி. தலைக்கு நடுவுல பன்ச்சால ஒரு குழி, 3 மில்லிமீட்டர் டிரில்ல வழி போட்டு, அப்பறம் ரிவிட்டுத் தண்டு கனத்துக்கு கொஞ்சம் கம்மியான டிரில்ல தலை கழண்டு வர்ற வரைக்கும் மட்டும் போங்க. அதுக்கு மேல போனா டியூப்போட ஓட்டையையும் பெருசு பண்ணிடுவீங்க. மிச்சத் தண்டை பன்ச் வெச்சு தட்டினா வெளிய வந்துடும். ரெண்டு டியூப்புக்கும் நடுவுல வாஷர் இருக்கும், எந்த மூட்டுல எத்தனை வாஷர், எந்தப் பக்கம்னு ஒரு கம்பில கோத்து சீட்டு எழுதி வெச்சுக்கங்க, ஒரு வாஷர் மாறினாலும் மடக்கும்போது டியூப்பும் டியூப்பும் உரசி புது பெயின்ட்டு போயிடும்.

திரும்ப மாட்ட ரெண்டு வழி. ஒண்ணு அதே மாதிரி கெட்டி இரும்பு ரிவிட்டு, கீழ கனமான இரும்பு ஒண்ணு முட்டுக் கொடுத்து குண்டுத் தலைச் சுத்தியல்ல சுத்திச் சுத்தி தட்டணும், அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டியூப்புக்கும் நடுவுல ஒரு துண்டு கல்யாணப் பத்திரிகை அட்டை சொருகிடுங்க, முடிச்சதும் அட்டைய உருவிட்டா மூட்டு சுத்துறதுக்குச் சரியா எடம் விட்டிருக்கும். இன்னொண்ணு போல்ட்டும் நைலான் வெச்ச லாக் நட்டும். இதுல முழுசா மரை போட்ட போல்ட்டை வாங்காதீங்க, மரை அரம் மாதிரி ஓட்டையை அராவிடும், பாதித் தண்டு மழமழன்னு இருக்கற போல்ட்டு வேணும், அந்த மழமழப்புலதான் டியூப்பு சுத்தணும். இறுக்குறப்ப டியூப்பு நசுங்காம இருக்க உள்ள ஒரு சின்னத் துண்டு குழாய் புஷ்ஷா போடுங்க. எனக்கு ரிவிட்டுதான் பிடிக்கும், பாக்க அசல் மாதிரி இருக்கும், ஆனா வாடகைக்கு விடற சேர்னா போல்ட்டு நல்லது, அடுத்த தடவை கழட்டலாம்.

ஓட்டை முட்டை வடிவம் ஆயிருந்தா? கொஞ்சம்னா 8 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கி புஷ் போட்டு முடிச்சுக்கலாம். ரொம்பன்னா ஒரு கனமான வாஷரை மேல வெச்சு ஒட்டணும், ஆனா ஆர்க் வெல்டிங் வேண்டாம், டியூப்பு சுவரு பொதுவா ஒண்ணு, ஒண்ணேகால் மில்லிமீட்டர்தான் இருக்கும், பொத்துக்கும். கேஸ்ல பித்தளை வெச்சு ஒட்டச் சொல்லுங்க, பழைய சைக்கிள் ஃபிரேம் ஒட்டத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா விடாதீங்க. முலாம் போட்ட எடத்தை முதல்ல சுத்தமா எடுத்துடணும், நிக்கல், குரோம், துத்தநாகம் எது மேல தீ பட்டாலும் வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது.

துருவுக்கு வருவோம். லேசான துருன்னா புளித் தண்ணியோ எலுமிச்சை உப்போ (சிட்ரிக் ஆசிட்) போதும், ராத்திரி ஊற வெச்சு காலைல தேச்சுக் கழுவி வெயில்ல வெச்சிடுங்க. குரோமுக்கு அலுமினியம் ஃபாயிலைத் தண்ணில நனைச்சு தேய்ங்க, உப்புத்தாள் கிட்டயே கொண்டு போகாதீங்க. கெட்டித் துருன்னா எலக்ட்ராலிசிஸ், அதாவது தண்ணில கரன்ட் விட்டு துரு எடுக்குறது. பெரிய பிளாஸ்டிக் டிரம்முல தண்ணி, நாலஞ்சு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் வாஷிங் சோடா, 12 வோல்ட் பழைய மாடல் பேட்டரி சார்ஜர், மைனஸ் கிளிப்பு சேருக்கு, பிளஸ் கிளிப்பு ஏதாவது ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. துரு தானா இளகி வரும், நல்ல இரும்பு தேயாது. சோடாவுக்குப் பதிலா சமையல் உப்பு போட்டா குளோரின் வரும், போடாதீங்க. நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் ஸ்டெயின்லெஸ் துண்டு சும்மா குடுப்பாங்க, பிளஸ்ல மாட்ட அதைத்தான் கை தேடும், மாட்டவே மாட்டாதீங்க, அதுல இருக்கற குரோமியம் விஷமா மாறி தண்ணில இறங்கும், அந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க? ஹைட்ரஜன் குமிழ் வர்றதால மொட்டை மாடிலயோ வாசல்லயோ வெச்சுப் பண்ணுங்க, பக்கத்துல பீடி சிகரெட் வேண்டாம். உரியற நிலைல இருக்கற குரோமுக்கு இந்த முறை கூடாது, மிச்சமும் உரிஞ்சிடும்.

பழைய பெயின்ட்டை வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீங்க, தீ வெச்சும் எரிக்காதீங்க. வீட்டுப் பெயின்ட்டுல ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) கட்டுப்பாடு நம்ம நாட்டுல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முந்தின எந்தப் பெயின்ட்டுலயும் ஈயம் இருக்குன்னே வெச்சுக்கங்க. தண்ணி விட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, வழிஞ்ச சேத்தைத் துணில துடைச்சு கவர்ல கட்டிடுங்க.

பெயின்ட்டு பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. கழுவி காஞ்ச அன்னிக்கே பிரைமர், இல்லைன்னா மறுநாள் மறுபடி செவந்துடும். மேல மெல்லிசா ரெண்டு கோட்டு எனாமல், அசல்ல சுத்தியல்ல தட்டுன மாதிரி குழிகுழியா தெரியற ஹேமர் ஃபினிஷ் சாம்பல் இருந்தா அதையே தேடிப் போடுங்க. உபயம் எழுத்து நல்லா இருந்தா அந்தப் பட்டைய மட்டும் விட்டுட்டு மத்த எடத்துக்கு அடிங்க, எழுத்து மேல சுத்தம் பண்ணி மெழுகு போதும். பவுடர் கோட்டிங்தான் வேணும்னா ரப்பர், நாடா, பிளாஸ்டிக் வயர் பின்னல் எல்லாத்தையும் பிரிச்சுட்டுக் குடுங்க, அடுப்புல 180 - 200 டிகிரி இருக்கும்.

ஏற்காட்டுக்காரங்களுக்கு தனியா ரெண்டு வார்த்தை. 1500 மீட்டர் உயரத்துல மேகமே வராண்டாக்குள்ள வந்து போற எடம், அங்க சேரு வெளிய இருந்து துருப்பிடிக்கறதை விட டியூப்புக்கு உள்ள இருந்து அரிக்கறதுதான் ஜாஸ்தி. ரப்பர் புஷ்ஷுக்குள்ள தண்ணி இறங்கி வெளிய வர வழியில்லாம நிக்கும், ஒவ்வொரு புஷ்ஷுலயும் அடில ஊசி மாதிரி கம்பியக் காய்ச்சி ஒரு ஓட்டை போட்டுடுங்க. தரைல படுக்குற மாதிரி வளைஞ்ச கால் இருந்தா வளைவோட அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை. பெயின்ட்டு வேலை எல்லாம் முடிஞ்சப்பறம் டியூப்பு வாய்ல கொஞ்சம் எண்ணெய் ஊத்தி தலைகீழா உருட்டி வடிய விடுங்க, பவுடர் கோட்டிங்குக்கு முன்னாடி இதைச் செஞ்சா அடுப்புல புகைஞ்சு கோட்டிங்கே கெட்டுடும். நனைஞ்ச சேரை மடக்கி வைக்கவே கூடாது, ரெண்டு டியூப்பும் ஒட்டுற எடத்துல தண்ணி நின்னு அங்கதான் முதல்ல துரு வரும். காய வெச்சு மடக்கி, சிமென்ட் தரைல சாத்தாம சுவத்துல கொக்கி அடிச்சு முதுகால தொங்க விடுங்க.

கடைசியா, நீங்க உக்கார்றதுக்கு முன்னாடி 25 கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டு மூணை சீட்டு மேல அடுக்கி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. காலைல மூட்டுல இடைவெளி கூடியிருக்கா, சீட்டு இறங்குறதை ஒரு அளவுல நிறுத்த அடில இருக்கற ஸ்டாப்பர் ஆணி வளைஞ்சிருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க. அந்த ஆணி இல்லாத சேர்ல சீட்டு ஒரேயடியா இறங்கி விரலை நசுக்கிடும், சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா ஆணிய மாட்டாம சேரை விரிக்கவே விரிக்காதீங்க.